அட்டைக்குக் கட்டிய முடிச்சு

மழைக்காலத்தில் ஏலக்காட்டுக்குள் புகையிலை இல்லாமல் இறங்க முடியாது. வாய்க்கு அல்ல, காலுக்கு. அட்டை அப்படி ஏறும். புகையிலையையும் சுண்ணாம்பையும் கசக்கிச் சின்னத் துணியில் முடிந்து வைத்துக்கொள்வோம். அட்டை மேல் தொட்டால் சுருண்டு விழும். எழுபதுகளின் கடைசியில் போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்துப் போய் ஏலக்காய் எடுத்த பெண்கள் எல்லாரிடமும் அந்த முடிச்சு இருந்தது.

என் தங்கை முதல் நாள் வந்தபோது, அட்டையைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் கங்காணியே ஓடி வந்துவிட்டார். நான்தான் முடிச்சுக் கட்டிக் கொடுத்தேன். குளிரில் பல் கிடுகிடுக்க நின்றவளுக்கு நான் மெல்லும் புகையிலையில் ஒரு துணுக்குக் கிள்ளிக் கொடுத்ததும் நான்தான். "வாயில அதக்கிக்கடி. குளிரும் தெரியாது, பசியும் தெரியாது" என்றேன், பெரிய வைத்தியச்சி மாதிரி.

மூன்று வருஷத்தில் அவள் என்னை மிஞ்சிவிட்டாள். கண் விழித்ததும் அது வேண்டும். இல்லாவிட்டால் யார் பேசினாலும் எரிந்து விழுவாள். பிறகு ரசச் சோறுகூட வாயில் எரிகிறது என்றாள். போடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருக்கிறது, புகையிலையை இன்றோடு விட வேண்டும், விடாவிட்டால் புற்றாக மாறலாம் என்றார்.

பஸ் ஸ்டாண்டில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அப்புறம் சொன்னாள்: "நீ விடுக்கா, நானும் விட்டுர்றேன். நீ மென்னுக்கிட்டு முன்னால நின்னா என்னால ஆகாது." அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

வீட்டில் இருப்பதைத் தூக்கி எறிந்துவிடலாம். காட்டில் எப்படி எறிவது? புகையிலைக்குப் பதில் உப்பு கட்டிப் பார்த்தோம். மழையில் கரைந்து ஓடிவிட்டது. கால் முழுக்க ரத்தத்தோடு வீடு திரும்பினோம். மறுநாள் பழையபடி புகையிலை முடிச்சுதான். காலுக்கு மட்டும் என்று இருவரும் சொல்லிக்கொண்டோம்.

எட்டு நாள் தாங்கினேன். அவளும் தாங்கினாள். ரசம் இப்போது அவ்வளவாக எரியவில்லை என்றுகூடச் சொன்னாள். ஒன்பதாம் நாள் விடாத மழை. எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. அலுத்துப்போயிருந்தேன், வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. அவள் தள்ளிக் குனிந்திருக்கிறாள் என்று நினைத்து, செடிக்குப் பின்னால் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். காலையிலிருந்து எத்தனையோ அட்டையைத் தொட்ட துணி. என் ரத்தமும் அட்டையின் வழவழப்பும் அதில் ஊறியிருந்தன. அதிலிருந்துதான் கிள்ளி வாயில் போட்டேன். அருவருப்பே வரவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

நிமிர்ந்தால் எதிரே நிற்கிறாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"எனக்கும் கொஞ்சம் கொண்டாக்கா" என்று கையை நீட்டினாள்.

முதல் நாள் கொடுத்த மாதிரியே ஒரு துணுக்குக் கிள்ளிக் கொடுத்தேன்.