கட்டுரைப் பகுதியை விட்டுவிடலாமா

ஆவணி 4, புதன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை படிப்பதற்கான சேர்க்கைத் தேர்வுக்குப் பெயர் பதிவு செய்யப்பட்டது. தேர்வரின் வயது அறுபத்தேழு. தேர்வை வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம்.

ஆவணி 5, வியாழன். தேர்வின் முதல் பகுதி ஆங்கிலக் கட்டுரை என்றும், நேரம் முப்பது நிமிடம் என்றும், அதைத் தேர்வரே தட்டச்சு செய்ய வேண்டும் என்றும் அறியப்பட்டது.

ஆவணி 6, வெள்ளி. தேர்வர் ஒத்திகை பார்த்தார். முப்பது நிமிடத்தில் நான்கு வரிகள் வந்தன. அவற்றுள் ஒரு வரி முழுவதும் பெரிய எழுத்துகளில் இருந்தது. காரணம் கண்டறியப்படவில்லை.

ஆவணி 7, சனி. கட்டுரைப் பகுதியை விட்டுவிடலாம் என்று மகள் தொலைபேசியில் கூறினாள்.

ஆவணி 9, திங்கள். தேர்வர் சங்கரன்கோவில் கடைத்தெருவில் மாடியில் இயங்கும் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்தார்.

புரட்டாசி 18, சனி. தேர்வு நடந்தது.

தேர்வர் நான். முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் கற்பித்தவன். ஆய்வேடு ஒன்றும் பாடநூல்கள் மூன்றும் என் பெயரில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பக்கத்தைக்கூட நான் தட்டச்சு செய்ததில்லை. என் மனைவி குருவிகுளம் ஒன்றிய அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவள். என் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உலகில் அவள் ஒருத்திதான். மாலையில் அலுவலகம் விட்டுப் பேருந்தில் வந்து, அடுப்படி வேலையை முடித்து, என் இடப்பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் எழுதியதை அடித்துத் தருவாள். நாற்பது ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. தை மாதம் அவள் இறந்தாள். அதைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதுவதற்கில்லை.

படிக்கப் போவது என்பது இருவருமாக எடுத்த முடிவு. மகள் வசிக்கும் ஊரின் பல்கலைக்கழகத்தில் கணித வரலாற்றில் ஓராண்டுப் படிப்பு ஒன்று உண்டு. மகள் வீட்டில் போய்ச் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கு ஒவ்வாது என்று சொன்னபோது என் மனைவிதான் அந்தப் படிப்பைத் தேடிக் கண்டுபிடித்தாள். “நீங்க படியுங்க, நான் டைப் அடிச்சுத் தாரேன்” என்றாள். திட்டத்தில் என் பங்கு மட்டும் இப்போது மிச்சம். அந்தப் படிப்போ முழுக்க முழுக்கப் பக்கங்களால் ஆனது. வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். அவள் இல்லாமல் ஒரு பக்கத்தை என்னால் எழுத முடியுமா என்பது, விமானம் ஏறுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

மகளின் வாதம் வலுவானது. கட்டுரைக்குத் தனி மதிப்பெண். மொத்தத்தில் அது சேராது. நான் சேரவிருந்த துறை அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று எழுதிக் கேட்டு உறுதி செய்திருந்தாள். வெற்றுத் திரையை அப்படியே விட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம், விதியில் இடமிருக்கிறது. “கணக்குல உங்களுக்கு முழு மார்க் வரும்பா. அந்த அரை மணி நேரத்த எதுக்கு வீணாக்குதீங்க? சும்மா நெக்ஸ்ட்ட அழுத்துங்க” என்றாள்.

என் அக்கா எதிர்க்கட்சி. என் மனைவி இறந்த பிறகு ராயகிரியிலிருந்து வந்து என்னோடு தங்கியிருப்பவர். தலைத்திவசம் முடியாத வருஷத்தில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பது அவருடைய முதல் நிலைப்பாடு. தொடங்கிவிட்டேன் என்று தெரிந்ததும் இரண்டாவது நிலைப்பாட்டுக்கு வந்தார். “ஏலே, தொடங்குனதுதான் தொடங்குன, மொதப் பக்கத்த வெறும் பக்கமாவா விடுவாக? ஒரு பிள்ளையார் சுழியாவது போட்டுட்டு எந்திரி.” ஆங்கில விசைப்பலகையில் அதற்கு வசதி இல்லை என்று விளக்கினேன். இவ்வளவு பெரிய பரீட்சை வைக்கிறவர்கள் அதைக்கூட யோசிக்கவில்லையா என்று கேட்டார்.

தட்டச்சுப் பயிலகத்தை நடத்துபவர் என் பழைய மாணவி. என்னை வரவேற்று ஆறாம் எண் இயந்திரத்தின் உறையை நீக்கினார். கணினியிலேயே பழகக் கூடாதா என்று தயங்கிக் கேட்டேன். விரலுக்கு வலு இங்கேதான் வரும் என்று அவர் முடித்துவிட்டார். என் இருபுறமும் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் மழை பெய்வதுபோல அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதல் வரி ஏ, எஸ், டி, எஃப். ஏ என்னும் எழுத்து இடது கைச் சுண்டுவிரலுக்குரியது. அறுபத்தேழு ஆண்டுகளில் அந்த விரலிடம் நான் எந்த வேலையும் கேட்டதில்லை. அதுவும் செய்ய முன்வரவில்லை. “ஏட்டி, தாத்தா எந்த குரூப் எழுதுதாரு?” என்று பின்வரிசையில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். “குரூப் ஒண்ணாத்தான் இருக்கும். நிதானமாப் படிக்காருல்லா” என்றாள் மற்றவள்.

மூன்றாம் வாரம் நான் கைவிடத் தயாரானேன். கட்டுரையை விட்டுவிட விதியில் இடமிருப்பதைப் பயிலகத்துக்காரரிடம் நாசூக்காக எடுத்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“சார், நீங்கதான சொல்லுவீங்க, தெரியாட்டாலும் கேள்வி நம்பரயாவது போட்டு வை, வெறும் தாளா மட்டும் தராதேன்னு? நான் நம்பர் போட்டே பாஸானவ சார்.”

எண்ணுக்கு நான் மதிப்பெண் போட்டதாக நினைவில்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தை மறுக்க வழியில்லை. இந்த ஊரில் மின்வாரிய அலுவலகம் முதல் பூச்சந்தை வரை என்னை அடையாளம் காட்டுவது அதுதான். மறுநாளும் ஆறாம் எண் இயந்திரத்துக்குச் சென்றேன்.

விரல்கள் ஓரளவு பணிந்த பிறகுதான் வேறொரு சிக்கல் தெரிந்தது. என் வாக்கியங்கள் முடியவே இல்லை. ‘எனினும்’, ‘ஆகவே’, ‘இதனை நோக்குங்கால்’ என்பவற்றின் ஆங்கில உறவினர்கள் அனைவரும் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார்கள். பரண்மீதிருந்த கையெழுத்துப் படிகளை இறக்கி, அச்சான நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் ஒரு முற்றுப்புள்ளி வைத்த இடத்தில் அவள் நான்கு வைத்திருந்தாள். ஒருமுறைகூட என்னிடம் சொன்னதில்லை. மூன்று நூல்களுக்கும் மதிப்புரை எழுதியவர்கள் நடையின் தெளிவைப் பாராட்டியிருந்தார்கள். அந்தப் பாராட்டுகளை உரிய முகவரியில் சேர்க்க இனி இயலாது.

தேர்வு நாளன்று அக்காவை அடுப்படியிலேயே இருக்கச் சொன்னேன். அறைக்குள் இன்னொருவர் வந்தால் தேர்வு ரத்தாகும் என்றேன். காப்பி கொடுக்க வந்தாலுமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். கணினித் திரையில் கண்காணிப்பாளர் தோன்றினார். ஏதோ ஒரு நாட்டிலிருந்து மிக மரியாதையான ஆங்கிலத்தில் பேசும் இளைஞர். அறையின் நான்கு சுவர்களையும் மேசையின் அடிப்பகுதியையும் காட்டச் சொன்னார். சட்டைக் கைகளை மடித்துக் காட்டச் சொன்னார். முப்பத்தைந்து ஆண்டுகள் நான் பிறரிடம் சொன்ன சொற்கள். பெறும் இடத்தில் அவை வேறுவிதமாக ஒலித்தன.

கட்டுரைப் பகுதி திறந்தது. முக்கியமான முடிவுகளைத் தனி ஒருவர் எடுப்பதைவிடப் பலர் கூடி எடுப்பதே நல்லது என்ற கருத்தைக் கொடுத்து, உடன்படுகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். ஆறு வாரமாக அந்தப் பலருக்கு நடுவில் இருந்தவன் என்ற தகுதியில் தொடங்கினேன். அடுத்த பகுதிக்கான பொத்தான் வலது மூலையில் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஏழெட்டு வரிகள் அடித்திருப்பேன். ஒலிபெருக்கியில் குரல் வந்தது. எழுதுவதை உடனே நிறுத்த வேண்டும். நான் யாருக்குச் சைகை செய்கிறேன்?

எனக்குப் புரிய நேரமாயிற்று. பயிலகத்து இயந்திரத்தில் வரி முடிந்தால் மணி அடிக்கும். இடது கை எழுந்து உருளையைத் தள்ளி அடுத்த வரிக்குக் கொண்டுவரும். கணினிக்கு அது தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வரிக்கும் அது தானாக எழுந்து, இடப்பக்கத்துக் காற்றை வலப்பக்கம் தள்ளிவிட்டு வந்திருக்கிறது.

“உங்கள் இடப்பக்கம் இருப்பவர் யார்?” என்றார் கண்காணிப்பாளர்.

“யாரும் இல்லை.”

கணினியைத் திருப்பிக் காட்டச் சொன்னார். காட்டினேன். அங்கே நாற்காலி இருந்தது. அது காலியாக இருப்பதை வாய்மொழியாக உறுதிப்படுத்தச் சொன்னார். காலியாக இருக்கிறது என்று உறுதிப்படுத்தினேன்.

பிறகு தட்டச்சு இயந்திரம் என்றால் என்ன என்பதை, அதைக் கண்டிராத ஒருவருக்கு, கடிகாரம் ஓட ஓட விளக்கினேன். இடையில் அடுப்படியிலிருந்து அக்காவின் குரல்: “ஏலே, யாருல அது ஒன்ன அதட்டுதது? நான் வரட்டா?” பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. என் தமக்கை, எழுபத்திரண்டு வயது, கணிதம் அறியாதவர் என்று கண்காணிப்பாளரிடம் தெரிவித்தேன். தேர்வரின் இடது கை பழைய இயந்திரம் ஒன்றை இயக்குகிறது என்று குறிப்பெழுதிக்கொள்வதாகவும், நான் தொடரலாம் என்றும் சொன்னார். ஐந்து நிமிடம் போயிருந்தது.

கையை அதன் போக்கில் விட்டேன். அது எழுந்தது, தள்ளியது, திரும்பி வந்தது. நேரம் முடிந்தபோது மூன்று பத்திகள் ஆகியிருந்தன. கடைசி வாக்கியம் ‘ஆயினும்’ என்ற பொருள் தரும் சொல்லில் நின்றது. திரை மறைவதற்குள் முற்றுப்புள்ளிகளை எண்ணிவிட்டேன். பதினேழு. எல்லாம் நான் வைத்தவை.

கணிதப் பகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முழு மதிப்பெண் வந்தது. கட்டுரைக்கு ஆறுக்கு மூன்று என்று இரண்டு வாரம் கழித்து அறிவித்தார்கள். அப்போதே சொன்னேனே என்று மகள் சிரித்தாள். பயிலகத்துக்காரர் பாதிக்குப் பாதி என்றால் பாஸ்தான் என்று தீர்ப்பளித்து, பெண்களுக்கெல்லாம் கடலைமிட்டாய் கொடுத்தார். அக்கா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

“மிச்ச மூணையும் அவ இருந்தா வாங்கித் தந்திருப்பா” என்றார்.

மூன்று என்னுடையது. மூன்றை வைத்துக்கொண்டு ஓராண்டு சமாளிக்க முடியும் என்று தோன்றியது. அன்று மாலையே பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் தெரிவித்து இரண்டு வரி அடித்து அனுப்பினேன்.

இன்னும் செய்யாதவை:

நான்காம் நூலின் ஏழாம் அத்தியாயத்தை, அவள் நிறுத்திய பக்கத்திலிருந்து அடிப்பது.

விசா நேர்காணலுக்குச் சென்னை செல்லப் பயணச்சீட்டு.

அக்காவிடம், நான் போன பிறகு அவர் இங்கேயே இருக்கப் போகிறாரா, ராயகிரிக்குத் திரும்புகிறாரா என்று கேட்பது.

குளிருக்கான மேலாடை. என் அளவு என்னவென்று எனக்குத் தெரியாது. முதலில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.