ஸ்டாக்ஹோமில் அமராவதி தின்ற மீன்

அமராவதிக்குக் கடலூர் துறைமுகத்தில் மீன் வியாபாரம். விற்பாள், ஆய்ந்து கொடுப்பாள், வீட்டுக்குப் போய் ரசம் ஊற்றித் தின்பாள். 2004 சுனாமிக்குப் பிறகு அவள் மீனை வாயில் வைத்ததில்லை. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த கணவன் பக்கிரியை அலை கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை. "அவரு கெடைக்கட்டும், அப்பறம் மீனு திங்கிறேன்" என்றாள். படையலும் போடவில்லை, காக்கைக்குச் சோறும் வைக்கவில்லை.

2011 ஜூனில் மகன் செம்பியன் அவளை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்தான். அவனுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. மனைவி சிந்துஜா சிதம்பரத்துப் பெண். ஊரைச் சுற்றிக்காட்டப் போகிறேன் என்றான். அம்மாவை ஒருவாய் மீன் தின்னவைக்க வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை.

இரவுச் சாப்பாடு முடிந்தும் வெளியே வெயில்.

"சூரியனுக்கு இங்க ஓவர்டைமாடா?"

அரண்மனை வாசலில் துப்பாக்கியோடு ஒரு சின்னப்பெண் காவலுக்கு நின்றாள். அமராவதி வாய்பிளந்து நின்றதில் பின்னால் கூட்டம் தேங்கிவிட்டது. சாப்பாட்டுக் கடைகளில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வினிகரில் ஊறிய மீன், புகை போட்ட மீன், வெந்தயக்கீரை போல ஒரு தழை தூவிய மீன். அவளுக்கு ரொட்டியும் வெண்ணெயும்தான்.

பிறகு வாசா அருங்காட்சியகம். உள்ளே அரையிருட்டு. கண் பழகியதும் தெரிந்தது, முழுசாக ஒரு மரக்கப்பல். பின்புறமெல்லாம் சிற்பம், சிதம்பரம் கோபுரத்தை எடுத்து ஒட்டியது போல.

"இது கடலுக்குள்ள கெடந்துதா?"

"ஆமாம்மா. மொத நாளே கவுந்துருச்சி. முன்னூறு வருசத்துக்கு மேல கழிச்சித் தூக்கியிருக்காங்க."

அமராவதி செருப்பைக் கழற்றினாள். அவர்கள் ஊரில் படகில் யாரும் செருப்போடு கால் வைப்பதில்லை. அடுத்து சுருக்குப்பையிலிருந்து கற்பூரமும், மகன் வீட்டு அடுப்படியில் எடுத்த தீப்பெட்டியும் வெளியே வந்தன.

"அய்யோ யம்மா! அத்தனையும் மரம். போலீசு வந்துரும்!"

சிந்துஜா கையைப் பிடித்தாள். "அத்த, மனசுக்குள்ள கொளுத்திக்குங்க."

"கப்பலப் பாத்துட்டு வெறுங்கையோட போறதாடி?" என்று முனகியபடி கற்பூரத்தை உள்ளே போட்டாள்.

கீழ்த்தளத்தில் கண்ணாடிக்குள் எலும்புகள். பக்கத்தில் சில முகங்கள், இப்போதே பேசிவிடும் போல.

"இவுங்க யாரு?"

"அந்தக் கப்பல்ல செத்தவங்க. எலும்ப வச்சி மூஞ்சி செஞ்சிருக்காங்க."

"பேரு?"

"தெரியாதும்மா."

வெறுங்காலோடு ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் நின்றாள். வெளியே வந்துதான் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"பேரு தெரியாதவனையே தேடி எடுத்து வச்சிருக்கான். எங்காளுக்குப் பேரு இருக்கு. நாந்தான் பட்டினி போட்டுட்டேன்."

தண்ணீர் ஓரம் ஒரு வண்டிக்கடை. நம்மூர் மத்தியைப் போன்ற சின்ன மீனை மாவில் புரட்டிப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். அமராவதி தானே போய் வரிசையில் நின்றாள். செம்பியன் பின்னாலேயே ஓடிக் காசை நீட்டினான்.

தட்டு வந்ததும் ஒரு துண்டைப் பிய்த்துக் கைப்பிடிச்சுவர்மேல் வைத்தாள். "காக்கா எங்கடி?"

"இங்க இதுதான் அத்த" என்று சிந்துஜா காட்டுவதற்குள் பெரிய வெள்ளைக் கடற்பறவை ஒன்று இறங்கி, துண்டைக் கவ்விக்கொண்டு போனது.

"பாத்தியா, எம்மாம் பசி" என்றாள் அமராவதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருவாய் போட்டு மென்றாள்.

"எப்டிம்மா இருக்கு?"

"காரமே இல்லடா. மொளகாத்தூளு என்னான்னே தெரியாது போல."

சொல்லிக்கொண்டே அடுத்த துண்டை எடுத்தாள்.