மாமியாரின் உடைந்த கால்

ஈஜிபுராவில் எங்கள் வீட்டுக்கு வட்டிக்காரர் வாராவாரம் பைக்கில் வந்து தவணை வாங்கிப்போவார். ஒரு வாரம், மாமியார் காலை உடைத்துக்கொண்டு படுத்திருப்பதாகப் புளுகினேன்.

"சொல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்கண்ணா, தவணைய பாதியாக்கிடுங்க" என்று அழுதும் காட்டினேன். அவர் மனமிரங்கி, "சரிம்மா" என்றார்.

அடுத்து பக்கத்து வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுக்காரியும் அவரிடம் கடன் வாங்கியவள்தான். நடுச்சுவரில் காதை வைத்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அங்கேயும் அதே அழுகை, அதே மாமியார், அதே கால். நான் ராத்திரியெல்லாம் யோசித்த பொய்யை நோகாமல் எடுத்துக்கொள்ள அவளுக்கு எவ்வளவு கொழுப்பு என்று பல்லைக் கடித்தேன்.

வட்டிக்காரர் எங்கள் இருவரையும் வாசலுக்குக் கூப்பிட்டார்.

"அந்தக் கால் எந்த வீட்டு மாமியாரோடதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. அந்த வீட்டுக்கு மட்டும் பாதி."