காபி கணக்கில் சேராது

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஜானு என்கிற ஜானகி, பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். பதில் சரியாக இருந்தாலும் வழி எழுதாவிட்டால் மார்க் கிடையாது என்பது அவள் சட்டம். வீட்டிலும் அதே சட்டம்தான். கத்தரிக்காய் ஏன் முற்றலாக வந்தது என்பதை அவள் புருஷன் சுந்தரராமன் வழியோடு விளக்க வேண்டும். அவர் ஒரு சர்க்கார் ஆபீசில் ஆயுசு முழுக்கக் குப்பை கொட்டிவிட்டு ரிட்டயரானவர். பொறுமைக்குப் பஞ்சமில்லாத மனுஷர்.

இப்படி எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்கிறவளைச் சர்க்கரை வியாதியும் ஆதாரத்தோடுதான் வந்து பிடித்தது. மாதம் ஒரு தடவை லஸ் முனைப் பக்கத்து லேபில் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பாள். மாதம் தவறாமல் இருநூறைத் தாண்டி வரும். டாக்டர் குல்ஷன் என்ற அம்மாள் மாத்திரையைக் கூட்டிப் பார்த்தார். சர்க்கரை அசைந்து கொடுக்கவில்லை. ஜானு இனிப்பை விட்டாள், உருளைக்கிழங்கை விட்டாள். கல்யாணப் பந்தியில் ஜாங்கிரி வரும்போது எதிர்வரிசை மாமியின் பட்டுப்புடவையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் பழகினாள். எடை மட்டும் எண்பது கிலோவை விட்டு இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது. மாம்பலம் ஸ்டேஷனில் காசு போட்டால் எடையும் ஜோசியமும் சேர்ந்து வரும் மெஷினில் ஏறினாள். ‘உங்கள் மதிப்பு நாளுக்கு நாள் உயரும்’ என்று அட்டை வந்தது. அதைக் கிழித்துத் தண்டவாளத்தில் போட்டாள்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் அமெரிக்காவில் இருந்தது. ஒரே பெண் மஹதி நியூ ஜெர்சியில் முழுகாமல் இருந்தாள். மாசி மாதம் பிரசவம். தலைப்பிரசவத்துக்குப் பெற்றவள் போகாமல் வேறு யார் போவது? டிக்கெட் போட்டாயிற்று, விசாவும் வந்தாயிற்று. அப்போதுதான் டாக்டர் குல்ஷன் குறுக்கே கையை நீட்டினார்.

“இந்த நம்பரோட பனியில போய் ஆறு மாசம் இருக்கிறதுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன், ஜானகி அம்மா. இன்னும் ரெண்டு டெஸ்ட் பார்ப்போம். குறையலைன்னா இன்சுலின் ஊசிதான். அது உடம்புக்குப் பழகுற வரைக்கும் நீங்க எங்கேயும் போக முடியாது.”

செய்தி நங்கநல்லூருக்கு எப்படித்தான் போயிற்றோ, மறுநாளே சம்பந்தி மாமி போன் செய்தாள். மாப்பிள்ளை ஷ்ரவணின் அம்மா. “நீங்க ஒண்ணும் கவலைப்படாதேங்கோ மாமி. உங்களால முடியலைன்னா நான் இருக்கேன். பாண்டி பஜார்ல ஸ்வெட்டர்கூட பார்த்து வச்சுட்டேன்” என்றாள். அவள் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் ‘நான் இருக்கேன்’ என்ற அந்த இரண்டு வார்த்தை ஜானுவின் காதில் காய்ச்சிய எண்ணெயாக இறங்கியது. போனை வைத்துவிட்டு சமையலறைக்குப் போய், குக்கர் சத்தத்தின் மறைவில் அழுதாள். அந்தக் குழந்தையைக் காலில் போட்டு முதல் எண்ணெய் தேய்க்கும் கை தன்னுடையதாக இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வழி தெரியாமல் நிற்பவனுக்குத்தான் வழி காட்டுகிறவர்கள் வரிசையாக வருவார்கள். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் ஆரோக்கியமேரி, பள்ளி விட்டபின் ‘நவதாது’ என்ற மாத்திரையை விற்றுவந்தாள். ஒருத்தி வாங்கி இரண்டு பேரைச் சேர்த்துவிட, அந்த இரண்டு பேர் நாலு பேரைச் சேர்த்துவிட, இப்படிப் படர்கிற வியாபாரம். டப்பியில் குரோமியம், துத்தநாகம், மெக்னீசியம் என்று ஒன்பது தாதுக்களின் பெயர் அச்சாகியிருந்தது.

“டீச்சர், நம்ம சாப்பாட்டுல தாது உப்பே இல்ல. அதான் சர்க்கரை ரத்தத்துலயே சுத்துது. இது ரெண்டு மாத்திரை போட்டா சர்க்கரையும் இறங்கும், வெயிட்டும் இறங்கும்” என்றாள் ஆரோக்கியமேரி. பி.டி. டீச்சர் என்பதால் அவளே ஒல்லியாக இருந்தாள். அதுவும் ஒரு ஆதாரம்தானே.

வீட்டில் சுந்தரராமன் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு டப்பியைப் படித்தார். “குரோமியமா? சைக்கிள் ஹேண்டில்பாருக்குப் பூசுவாளே, அதுவா? நன்னா பளபளன்னு ஆயிடுவே போ.”

“உங்களுக்கு எல்லாம் கேலி. மஹதி தனியா நின்னுண்டு தவிக்கட்டும், உங்களுக்கென்ன?”

அவர் டப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். டப்பியோடு ஒரு தாளும் வந்திருந்தது. தினமும் அரைமணி நடக்க வேண்டும், எண்ணெய்ப் பலகாரம் கூடாது, ராத்திரி சீக்கிரம் சாப்பிட வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. “இவ்வளவும் பண்ணினா மாத்திரை எதுக்கு?” என்று சுந்தரராமன் முணுமுணுத்ததை ஜானு காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாகேஸ்வர ராவ் பூங்காவைச் சுற்றி நடந்தாள். சாயங்கால பஜ்ஜியைத் துறந்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் விடாமல் போட்டுக்கொண்டாள். கணக்கு டீச்சர் ஒற்றைக் கயிற்றை நம்பிக் கிணற்றில் இறங்க மாட்டாள்.

தொண்ணூற்றேழாம் வருஷம், கார்த்திகை மாதம். டெஸ்ட்டுக்குப் போகவேண்டிய நாளுக்கு முதல் நாள் ராத்திரி பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. தெருவில் முழங்காலளவு தண்ணீர். பால் வண்டி வரவில்லை. பூத்துக்குப் போன சுந்தரராமன், வேட்டியைத் தூக்கிக் கட்டியபடி வெறும் கூடையோடு திரும்பி வந்தார்.

“பால் இல்லைடி. டிகாக்‌ஷன் இறக்கியாச்சு. கறுப்பாவே கலந்து தரட்டுமா?”

“அந்தக் கஷாயத்தை நீங்களே குடிங்கோ” என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் ஜானு. முகம் உம்மென்று இருந்தது. பின்னே இராதா? விடிந்ததும் ஒரு டம்ளர், கோலம் போட்டு வந்ததும் இன்னொரு டம்ளர் என்று கள்ளிச்சொட்டுபோல் கெட்டியாகக் கலந்து சுந்தரராமன் அவள் கையில் கொடுப்பது கல்யாணமான நாளிலிருந்து வந்த வழக்கம்.

லேபில் ரத்தம் எடுக்கிற இனாயத், “இன்னாம்மா, இந்த மழையில வந்துக்கினு கீறீங்க? ஒண்ணும் துன்னலியே?” என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். “இல்லப்பா, எப்பவும்போல வெறும் வயிறுதான்” என்று அவளும் வழக்கமான பதிலையே சொன்னாள்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. நூற்று இருபத்தாறு.

ஜானு தாளைத் திருப்பிப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள். பிறகு நவதாது டப்பியை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தாள். டாக்டர் குல்ஷனுக்கும் சந்தோஷம். “அடுத்த மாசமும் இப்படியே இருந்தா தாராளமா போயிட்டு வாங்க” என்றார். மாத்திரை விஷயத்தை ஜானு அவரிடம் சொல்லவில்லை. ஆனால் ஸ்டாஃப் ரூமில் சொல்லாத ஆள் இல்லை. நவதாதுவுக்கு முன் இருநூற்றுப் பத்து, நவதாதுவுக்குப் பின் நூற்று இருபத்தாறு, ஆகவே நிரூபிக்கப்பட்டது! கணக்கு டீச்சரே சொல்லிவிட்டால் மறுபேச்சு ஏது? தமிழ் டீச்சர் வாங்கினாள், சயன்ஸ் டீச்சர் வாங்கினாள், சர்க்கரையே இல்லாத டிராயிங் டீச்சர்கூட இடுப்புக்கென்று வாங்கினாள். ஆரோக்கியமேரி ஜானுவைக் கண்ட இடத்திலெல்லாம் எழுந்து நின்றாள்.

மார்கழியில் அடுத்த டெஸ்ட். மழை ஓய்ந்திருந்தது, பால் நேரத்துக்கு வந்தது, எல்லாம் ஒழுங்காக நடந்தது. ரிப்போர்ட்டில் இருநூற்றுப் பதினாறு.

டாக்டரின் அறையில் ஜானு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சுந்தரராமன் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் நவதாது டப்பியை எடுத்து மேஜைமேல் வைத்து, “இதுவும் வேலை செய்யலையே டாக்டர்” என்றாள்.

டாக்டர் டப்பியைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். “தாது குறைவா இருக்கிற உடம்புக்கு இதனால பிரயோஜனம் இருக்கலாம். உங்களுக்குக் குறைவுன்னு யார் பார்த்தா? அது போகட்டும். சர்க்கரை ஒரே மாசத்துல இப்படி மேலயும் கீழயும் குதிக்கக் கூடாதே. டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துலதான போறீங்க?”

“பின்னே? பச்சைத் தண்ணி பல்லுல படாது டாக்டர். காபி மட்டும்தான்.”

டாக்டரின் பேனா நின்றது. “காபியா?”

“ரெண்டு டோஸ்” என்றார் சுந்தரராமன், உதவியாக. “சர்க்கரை கம்மியாத்தான் போடுவேன். ஒண்ணரை ஸ்பூன்.”

“ஜானகி அம்மா! காபி குடிச்சா அது எப்படி வெறும் வயிறு?”

ஜானுவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. “காபி எப்படி டாக்டர் சாப்பாட்டுல சேரும்? ஏகாதசி உபவாசத்துக்கே காபி உண்டு. அமாவாசை தர்ப்பணத்துக்கு முன்னாடி இவர் குடிக்கறார். சிராத்தத்தன்னிக்குக்கூட இலை எடுக்கற வரைக்கும் பருக்கை வாயில படாது, காபிக்கு ஆட்சேபணை இல்லை. பித்ருக்களே ஒத்துக்கறா, உங்க லேபுக்கு என்ன?”

டாக்டர் குல்ஷன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போன மாசம் மட்டும் ஏன் குடிக்கலை?” என்று கேட்டார்.

“பால் வரலை” என்று சொல்லத் தொடங்கிய ஜானு பாதியில் நிறுத்தினாள். மழை, வெறும் கூடை, கஷாயம் என்று தான் தள்ளிவிட்ட டிகாக்‌ஷன் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. முகம் சிவந்தது. ஒரு குழந்தை இப்படி வழி எழுதியிருந்தால் முட்டை போட்டு, பெற்றோரையும் அழைத்து வரச் சொல்லியிருப்பாள்.

மறுநாள் காபி இல்லாமல் லேபுக்குப் போனாள். சுந்தரராமனும் அன்றைக்குக் காபி குடிக்கவில்லை. அவர் சமையலறைப் பக்கமே போகாமல் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட்டில் நூற்று இருபத்தொன்பது. டாக்டரின் மாத்திரையும் பூங்கா நடையும் பஜ்ஜித் துறவும் தம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்திருக்கின்றன, விடிகாலைக் காபி அதை மறைத்திருக்கிறது. “காபியில சர்க்கரையை நிறுத்துங்க, புறப்படுங்க” என்றார் டாக்டர். ஜானு அங்கேயே அழுதுவிட்டாள். வெட்கப்படவில்லை.

ஸ்டாஃப் ரூமில் உண்மையைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. சொன்னாள். ஆரோக்கியமேரி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டிராயிங் டீச்சர் மட்டும் தன் இடுப்பு குறைந்தது நிஜம் என்று சாதித்தாள்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்த சமயம் நங்கநல்லூரிலிருந்து போன் வந்தது. சம்பந்தி மாமியின் குரல் இறங்கியிருந்தது.

“மாமி, யார்கிட்டயும் சொல்லாதேங்கோ. எனக்கும் சர்க்கரைதான். ஸ்வெட்டர் பார்க்கறதுக்கு முன்னாடியே எங்க டாக்டர் போகக் கூடாதுன்னுட்டார். கௌரவத்துக்காகத்தான் நான் இருக்கேன், நான் இருக்கேன்னு சொல்லிண்டிருந்தேன். எனக்கும் பேரக்குழந்தையைப் பார்க்கணும்னு இருக்காதா? உங்களுக்கு எப்படிக் குறைஞ்சுது? என்னமோ மாத்திரையாமே?”

மாத்திரை என்று சொல்லிவிட்டால் போதும், சம்பந்தி மாமி அதை நம்பி நங்கநல்லூரிலேயே இருந்துவிடுவாள். நியூ ஜெர்சி முழுக்க ஜானுவுடையது, எண்ணெய் தேய்ப்பதும் அவள்தான், குழந்தைக்குச் செல்லப்பெயர் வைப்பதும் அவள்தான். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதிர்ப்பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பவளும் குக்கர் சத்தத்தில் அழுகிறவள்தான் போலிருந்தது. அதுவும் வியாதி விஷயம், கண்ணும் காலும் போகிற சமாசாரம்.

“மாத்திரையெல்லாம் ஒண்ணுமில்லை மாமி. டெஸ்ட்டுக்குப் போறச்சே காபி குடிப்பேளோ?”

“குடிக்காம? வெறும் வயித்தோட எப்படி அவ்வளவு தூரம் போறது?”

“அதுதான் தப்பு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், காபி குடிக்காம போய் ரத்தம் குடுங்கோ. குறைஞ்சிருந்தாலும் இருக்கும். நீங்களும் வரலாம், ரெண்டு பேருமா பார்த்துப்போம்.”

லைன் போய்விட்டதோ என்று ஜானு இரண்டு தரம் ‘ஹலோ’ சொன்னாள்.

“காலம்பற எழுந்து, பல் தேய்ச்சு, காபி இல்லாம, லேப் வரைக்குமா?” என்றாள் சம்பந்தி மாமி கடைசியில். “என்னால ஆகாது மாமி. நீங்களே போயிட்டு வாங்கோ.”

சம்பந்தி மாமியை ஜானுவுக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.