மகளின் வெல்டிங் மேசையில் ஒரு சனிக்கிழமை

மகளின் கண்களில் வெல்டிங் வெளிச்சம் அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்று வேலை முடிந்து டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவளால் இமையைத் திறக்க முடியவில்லை. மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கிறது என்று அழுதாள். பார்வைக்கு ஒன்றும் ஆகாது, ஆறிவிடும் என்றார் மருத்துவர். ஆறியும் விட்டது. என் நடுக்கம்தான் ஆறவில்லை.

"இந்த வேலையே வேணாம், விட்டுடு," என்றேன்.

"நான் என்ன செய்றேன்னே உங்களுக்குத் தெரியாதுமா. சனிக்கிழமை வாங்க, ஒரு தடவை கையில பிடிச்சுப் பாருங்க. அப்புறமும் விடுன்னு சொன்னா விட்டுடுறேன். சத்தியமா."

அப்படித்தான், வழக்கறிஞர் அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்கிற நான், கடல் பாலத்துக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் அவள் படித்த பயிற்சி நிலையத்தில், அவளுடைய முழுக்கைப் பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். அன்று புதியவர்களுக்கான டிக் வெல்டிங் வகுப்பு. பயிற்றுநர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். "அம்மாவுக்கு நீயே சொல்லிக் குடு லா," என்று மூலை மேசையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

வலது கையில் வெல்டிங் டார்ச். பேனாவைப்போல் பிடிக்க வேண்டுமாம். அதன் நுனியில் ஊசியாகச் சீவிய டங்ஸ்டன். அது உலோகத்தைத் தொடவும் கூடாது, விலகிப் போகவும் கூடாது. இடது கையில், உருக்கிச் சேர்க்க வேண்டிய கம்பி. காலடியில் ஒரு மிதி. அழுத்த அழுத்தச் சூடு ஏறும். இது போதாதென்று, கண்ணுக்கே தெரியாத ஆர்கான் வாயு ஒன்று டார்ச்சிலிருந்து வந்து காற்றை விலக்கிக்கொண்டிருக்கிறதாம். இதில் எதை முதலில் நினைப்பது?

முகமூடியை இறக்கிவிட்டு மிதித்தேன். வெளிச்சம் எழுந்ததும் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. கோயிலில் கற்பூரம் காட்டினால் வேறெங்கே பார்ப்போம்?

"வெளிச்சத்தைப் பாக்காதீங்கமா. கீழ இரும்பு உருகுது பாருங்க, குட்டை மாதிரி. அதைப் பாருங்க."

எந்தக் குட்டை? முகமூடிக் கண்ணாடி வழியாக எனக்கு எல்லாமே பச்சையாகத் தெரிந்தது. காடி ஓட்டும்போது பதறினால் பிரேக்கை மிதிக்கிற கால் இது. இங்கேயும் அழுத்தி மிதித்துவிட்டது.

"காலை எடுங்க! காலை!"

டங்ஸ்டன் உருகிய இரும்புக்குள் போய் ஒட்டிக்கொண்டது.

"முக்கிட்டீங்களா? சரி லா, நானும் முக்கினவதான்," என்று சொல்லிவிட்டு, நுனியைச் சாணைக்கல்லில் தீட்டிக் கொண்டுவந்தாள்.

மறுபடி. இம்முறை குட்டை தெரிந்தது, பளபளவென்று ஒரு துளி. அதன் முன்விளிம்பில் கம்பியைத் தொட்டு எடுத்து, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி தொட்டேன். காலைத் தூக்கியதும் வெளிச்சம் அணைந்தது. உடனே டார்ச்சையும் தூக்கிவிட்டேன்.

"அணைஞ்சாலும் கை அங்கயே இருக்கணும்மா. கேஸ் இன்னும் வருது, அதுல ஆறணும்."

என்ன செய்திருக்கிறேன் என்று பார்க்க முகமூடியை உயர்த்தினேன். அதே நொடியில் பக்கத்து மேசையில் யாரோ பற்றவைத்தார்கள். இடையில் தொங்கிய சிவப்பு பிளாஸ்டிக் திரை முழுக்க எரிவதுபோல் ஒளிர்ந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக் குனிந்துவிட்டேன்.

"பயப்படாதீங்க. அதுக்குத்தானே திரை."

நிமிர்ந்தேன். "நீ வேலை செய்ற இடத்துல இந்தத் திரை இருக்கா?"

அவள் கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "அங்க இடம் பத்தாதுமா."

"அப்ப அன்னைக்கு?"

"நான் மாஸ்க்கைத் தூக்கிட்டு அடுத்த பீஸைச் சரிபண்ணிட்டு இருந்தேன். பக்கத்துல ஒரு அண்ணே வெல்ட் பண்ணிட்டே இருந்தாரு. சொன்னா நீங்க பாஸுக்குப் போன் அடிப்பீங்க. அந்த அண்ணே பாவம்."

அவளுடைய கவனக்குறைவு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சொல்ல வந்த 'வேண்டாம்' இப்போது யாருக்கு என்றே புரியவில்லை.

திரும்பும்போது, பாலத்தில், அவளே கேட்டாள். "சொல்லுங்க. விட்டுடவா?"

"முதல்ல அங்க திரை போடச் சொல்லு. அது வரைக்கும் போகாத."

"எங்கம்மா திரை கேக்குறாங்கன்னு பாஸ்கிட்டச் சொல்லவா?"

"சொல்லேன்."

"அப்ப, போன்னு சொல்றீங்களா, வேணாங்கிறீங்களா?"



திங்கட்கிழமை காலை அவள் முதலாளியிடம் மலாயில் பேசுவது சமையலறையில் கேட்டது. அம்மா என்ற பேச்சே வரவில்லை. திரை மாட்டினால் வருகிறேன், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்றாள். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. போனை மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

அவள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்டது. இருக்கிறாள். நானோ அந்தப் போன் அடிக்காதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.