சீட்டில் எழுதியிருந்த ஒற்றை வார்த்தை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதக் காலையில், நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மருந்துக்கடை வாசலில் நடந்தது இது. அப்போது நான் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் குஞ்சுக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான். வீடு எடப்பாடிப் பக்கம். மனைவி அங்கே விசைத்தறிக்குப் போகிறாள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம்.

கொட்டகையில் புதுக் குஞ்சு இறக்கிவிட்டால் ஒரு மாதத்துக்கு எங்களுக்கு வீடு வாசல் கிடையாது. வெளியே போய் வருகிறவன் காலோடும் துணியோடும் நோயைக் கொண்டுவந்துவிடுவான் என்று முதலாளிக்குப் பயம். நியாயமான பயம்தான். அதனால் கொட்டகையை ஒட்டிய அறையிலேயே சமையல், படுக்கை எல்லாம். பேச்சுத்துணைக்கு ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் உண்டு, ஒன்றும் பதில் சொல்லாது.

அந்த முறை இரண்டாவது வாரத்திலிருந்து எனக்கு ஒரு மாதிரி ஆக ஆரம்பித்தது. தீவனம் போட்டுக்கொண்டிருப்பேன், திடீரென்று யாரோ தொண்டையைப் பிடிப்பதுபோல் இருக்கும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், மூச்சு பாதி வழியில் நின்றுவிடும். கால் மணி நேரத்தில் தானாகச் சரியாகும். என் அப்பா நெஞ்சுவலியில் போனவர். எனக்கும் அதுதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

மனைவிக்குச் சொல்லவில்லை. தனியாக இருப்பவள், கேட்டால் பயந்துவிடுவாள். தினமும் சாயங்காலம் போன் செய்வேன். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், தறி ஓடுகிறதா, ஓடுகிறது. இரண்டே நிமிடம், வைத்துவிடுவோம். செத்தால் இந்தக் குஞ்சுகளுக்கு நடுவில்தான் விழுந்து கிடப்பேன், யாருக்கும் தெரியாது என்று ஒரு நாள் தோன்றியது. அன்றைக்கு மட்டும் அழுதேன்.

நெஞ்சு என்று சொன்னால் முதலாளி வேலையை விட்டு அனுப்பிவிடுவார். பல்வலி என்று பொய் சொல்லி, திரும்பியதும் குளித்துத் துணி மாற்றிக்கொண்டுதான் கொட்டகைக்குள் போவேன் என்று அனுமதி வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். "இருதயம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் டாக்டரம்மா. தூக்கம் வருகிறதா, கூட யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையும் அதற்குக் கீழே ஒரு மாத்திரையும் எழுதி, பத்து நாள் கழித்து வரச் சொன்னார். வெளியே ஏகப்பட்ட கூட்டம். என்ன ஏது என்று கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

மருந்துக்கடைப் பெண்ணிடம் அந்த வார்த்தையைக் காட்டினேன்.

"ஆங்சைட்டிங்ண்ணா. பதட்டமுங்க, ஒண்ணும் பயப்படாதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் செத்துப் பிழைத்தது வெறும் பதற்றத்துக்கா? அது பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அல்லவா வரும்! நம்பாமல், வாசலில் நின்றபடியே போனில் தேடினேன். லத்தீன் என்ற பழைய மொழியிலிருந்து வந்த வார்த்தையாம். அதன் வேருக்கு இறுக்குவது, குரல்வளையை நெரிப்பது என்று பொருளாம்.

மறுபடியும் படித்தேன். எந்தக் காலத்திலோ, எந்தத் தேசத்திலோ, எவனோ ஒருவனுக்கும் இப்படியே தொண்டை இறுகியிருக்கிறது. அவனும் என்னைப்போல் கழுத்தைத் தடவிப் பார்த்திருப்பான். ஆனால் அவன் அதை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறான், அதனால்தான் அதற்கு ஒரு பேரே வந்திருக்கிறது. நான்தான் யாரிடமும் சொல்லவில்லை.

கொட்டகையில் குஞ்சுகளைச் சுற்றித் தகரத்தை வட்டமாக வளைத்துத்தான் கட்டுவோம். மூலை ஒன்று இருந்துவிட்டால் மிரண்ட குஞ்சுகள் அங்கேயே போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூச்சுமுட்டிச் செத்துவிடும். இத்தனை வருடமாக அந்த வட்டத்தைக் கட்டுகிறவன் நான். ஆனால் நானே ஒரு மூலையில் போய் ஒண்டியிருப்பது எனக்குத் தெரியவில்லை.

அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டேன். காலை நேரத்தில் நான் கூப்பிட்டதே இல்லை. தறிச் சத்தத்திலிருந்து வெளியே ஓடிவந்து, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தொண்டை நெரிப்பது, பல்வலிப் பொய், சீட்டில் இருந்த வார்த்தை, எல்லாம்.

"அதே மாதிரி சீட்டு நம்மூட்டு பீரோல கெடக்குதுங்க" என்றாள். "புள்ளையக் கட்டிக்குடுத்ததுல இருந்தே எனக்கு இப்படித்தானுங்க. அங்க ஒத்தையில கெடக்கற மனுசனுக்கு இந்த வெசனமும் எதுக்குன்னுதான் சொல்லலீங்க."

மகளுக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு வருடம் முடிந்திருந்தது. மருந்துக்கடை வாசலில் அத்தனை பேர் போய்வந்துகொண்டிருக்க, நான் போனை வைக்காமல் அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

இப்போது எங்கள் போன் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிவதில்லை. எனக்குத் தொண்டை இறுகினால் அவளிடம் சொல்கிறேன், அவளும் சொல்கிறாள். ஆனால் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு அவள் தன்னந்தனியாக பஸ்ஸில் உட்கார்ந்து வீடு திரும்பியிருப்பாளே, அன்று சாயங்காலமும் நான் சாப்பிட்டாயா என்று கேட்டு இரண்டு நிமிடத்தில் வைத்திருப்பேனே என்ற நினைப்பு, இன்றும் என் தொண்டையை நெரிக்கிறது.