செஜாராவும் நானும்

பெயிலாவறதும் ஒரு முழுநேர வேலைதாங்க. சம்பளம் இல்ல, லீவும் இல்ல, ஊரே முதலாளி. இதே வேலையில இருக்கிற மத்தவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

நம்ம மலேசியாவுல பள்ளிக்கூடம் முடிக்கிற எஸ்.பி.எம். பரீட்சையில எனக்கு எல்லாம் பாஸ், செஜாரா மட்டும் ஊத்திக்கிச்சு. அதாங்க, சரித்திரப் பாடம். அது பாஸாகலன்னா சான்றிதழே கிடையாது. சான்றிதழ் இல்லாம கார் மெக்கானிக் டிப்ளோமாவுல சேத்துக்க மாட்டாங்க. எனக்கு அந்த டிப்ளோமா வேணும். வேற எதுவும் வேணாம்.

எத்தன ஏ?

சிலிம் ரிவர்ல ஒரு கல்யாணம். சாப்பாட்டு வரிசையில தட்டோட நிக்கிறேன். எங்க அத்தை மண்டபத்துக்கே கேக்குற மாதிரி "எத்தன ஏ?"ன்னாங்க. நம்ம ஆளுங்க வணக்கமே அதுதானே. "ஏ ரெண்டு, ஜி ஒன்னு அத்தை." ஜின்னா பெயில். பின்னாடி நின்னவங்க எல்லாம் திடீர்னு பொரியலையே உத்துப் பாக்குறாங்க. எனக்கு மூஞ்சி சுட்டுச்சு. அத்தை என் தட்டுல ஒரு கோழித்துண்டு வச்சாங்க.

"உடு லா, பொம்பளப் பிள்ளைக்கு சரித்திரம் எதுக்கு? நல்லா சாப்புடு."

கல்லாவுக்கு அடியில

அப்புறம் ஈப்போவுல ஒரு பாய் கடையில கல்லா வேலை. ஒரு நாள் எங்க செஜாரா சார் சாப்பிட வந்தாரு. கனவுல கூட இந்த மனுசனப் பாத்துத்தான் பயந்துக்கிட்டிருந்தேன். பொத்துன்னு கல்லாவுக்கு அடியில உக்காந்துட்டேன். அவரு சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள என் காலு மரத்துப்போச்சு. ச்சே, நான் என்ன திருடியா? எந்திரிச்சேன். எதிர்லயே நிக்கிறாரு. திட்டுவாருன்னு மூஞ்சிக்கு நேரா பாத்தேன். அவருக்கு நான் யாருன்னே தெரியல.

"தங்கச்சி, தே ஓ கோசோங் டீ ஒன்னு, ரொட்டி ரெண்டு. எவ்வளவு?"

மறுபடியும் ஜி

வேலை பாத்துக்கிட்டே ரெண்டாவது தடவ எழுதினேன். மத்தியானம் கடை நெறைய கூட்டம், அப்பத்தான் போன்ல ரிசல்ட் வருது. மறுபடியும் ஜி. "இனிமே எழுத மாட்டேன், இன்னொரு தடவ தோக்க எனக்குத் தெம்பில்ல!"ன்னு கத்திட்டேன். ரொட்டி போடுற சலீம் அண்ணே தலையத் தூக்கல.

"அழுறதுன்னா பின்னாடி போயி அழு தங்கச்சி, அந்த மேசைக்கு பில்லு போட்டுட்டு."

பேனாவுக்குப் பூசை

பில்லும் போட்டேன், அழவும் செஞ்சேன். சாயங்காலமே மூனாவது தடவைக்குப் பதிஞ்சுட்டேன். பயம் போயிருச்சான்னு கேக்காதீங்க, போகல. கோவம் அதவிடப் பெருசா இருந்துச்சு, அவ்வளவுதான்.

பரீட்சைக்கு முன்னாடி செமோர் தோட்டத்துக் கோயில்ல பிள்ளைங்க பேனாவ வச்சு பூசை பண்ணுவாங்க. எல்லாம் பள்ளிக்கூட யூனிஃபார்ம். நடுவுல நான் மட்டும் கடை டி-சட்டையில. கோயில் தலைவர் மைக்குல, "அக்கா, தங்கச்சிய விட்டுட்டு அந்தப் பக்கம் நில்லுங்க"ன்னாரு. "தங்கச்சி யாரும் இல்லண்ணே. நாந்தான் எழுதுறேன், மூனாவது தடவ!" அவருக்கு மைக்கு வேணும், என் தொண்டைக்கு வேணாம். பேனாவ நீட்டிக்கிட்டு அங்கேயே நின்னேன். பூசாரி வாங்கி விபூதி வச்சாரு. எனக்கு முன்னாடி நின்ன ஒரு பொண்ணு மெதுவா திரும்பினா.

"அக்கா, பெயிலானா திரும்ப இங்க வரலாமா? ஒன்னும் சொல்ல மாட்டாங்கள்ல?"

எழுதி முடிச்சாச்சு, ரிசல்ட் இன்னும் வரல. ஏ வந்தாலும் சரி, ஜி வந்தாலும் சரி, இந்தத் தடவ அத்தைக்கு நானே போன் போட்டுச் சொல்லுவேன்.